ஏ.எஃப். என்ற இரண்டு எழுத்து

கடிகாரம் பழுதுபார்க்கும் அந்த மனிதருக்கு, இணைய ஏலக் குழுவில் தான்தான் பெரிய மேதாவி என்று நினைப்பு. புதிதாக வந்தவர் எவராவது ஓர் எழுத்துச் சுருக்கத்துக்கு விளக்கம் கேட்டுவிட்டால் போதும், "இதுகூடத் தெரியாதவனுக்கு இங்க என்னய்யா வேலை?" என்று எரிந்து விழுவார்.

ஒரு சுவர்க்கடிகாரத்தின் படத்தடியில் 'ஏ.எஃப்.' என்றிருந்தது. மேதாவிக்கு அர்த்தம் தெரியாது. கேட்டால் கிரீடம் கழன்று விழுந்துவிடுமே! முண்டியடித்து ஏலத்தில் எடுத்தார். வந்த பெட்டியில் வெறும் கூடுதான் இருந்தது. ஒரு பல்சக்கரம்கூட இல்லை.

"முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

வேறு பெயரில் குழுவுக்குள் நுழைந்து கேட்டார். 'ஏ.எஃப்.' என்றால் பழுதோடு, இருக்கிறபடியே விற்பதாக அர்த்தம் என்று எவரும் சொல்லவில்லை. போன வாரம் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஆள்தான் முதலில் பதில் போட்டான்:

"இதுகூடத் தெரியாதவனுக்கு இங்க என்னய்யா வேலை?"