கொம்பனியிலிருந்து வந்தபடியே

பருத்தித்துறையிலிருந்து புத்தூருக்குச் சைக்கிளில் வந்தவர் படலையில் நின்றபடியே சொன்னார்: "குணம் அண்ணை போயிட்டார், மாஸ்ரர். ஆஸ்பத்திரியிலை சேர்க்க முந்தியே முடிஞ்சுது." நெஞ்சு நோவென்றவரைச் சைக்கிள் கரியரில் இருத்தித்தான் கொண்டுபோனார்களாம். வீட்டில் அவருடைய ஒஸ்ரின் கார் ஒரு குறையுமில்லாமல் நின்றது. பெற்றோல்தான் இல்லை.

எங்கள் மோட்டார் கழகத்தில் மிஞ்சியிருக்கும் சிலருக்காக இதை எழுதுகிறேன். செயலாளராக இருந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி உண்டா, தெரியவில்லை.

எண்பத்து மூன்றில், கலவரத்துக்கு முன் நடந்த கடைசிப் பந்தயம் உங்களுக்கு நினைவிருக்கும். மாற்றம் செய்யாத கார்களின் பிரிவுக்கு அண்ணைதான் பரிசோதகர். தேய்ந்த சாமானுக்கு அதே சாமான் போட்டால் திருத்தம். புதிதாக ஒன்று சேர்ந்தால் மாற்றம். அவருடைய அளவுகோல் அவ்வளவுதான். முதலாவதாக வந்தவர் அவருடைய மனைவியின் தம்பி ராசன். பொனற்றைத் திறந்தால் உள்ளே வேறு காபுறேற்றர்.

"மச்சான், கார் நல்லா ஓடினது. ஆனால் ஓடினது உந்தக் கார் இல்லை."

ராசன் கட்டையான ஆள். தலையணை போட்டு இருந்தால்தான் அவருக்கு வீதி தெரியும். "அப்ப என்ரை தலையணையும் குற்றமோ, அத்தான்?"

"அது கொம்பனியிலையிருந்தோ வந்தது? செக்கிரட்டரியார், அதையும் எழுதும்."

எல்லோரும் சிரித்தோம். ராசனுக்குத்தான் கிண்ணம் கைவிட்டுப் போயிற்று.

பிறகு சண்டை வந்து, பொருளாதாரத் தடையால் பெற்றோல் வருவது நின்றது. புகைக்குழாயில் செப்புக்குழாயைச் சுற்றி, மண்ணெண்ணெயைச் சூடாக்கி ஊரெல்லாம் கார் ஓட்டினார்கள். அண்ணை மட்டும் காரை மூடி வைத்தார். ஆனால் அவருடைய மனைவி பரமேசு அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. சைக்கிளில் ஏறி இருந்து கிளினிக்குக்குப் போக அவவால் முடியவில்லை. அண்ணை ராசனையே கூப்பிட்டார்.

"இப்ப இது திருத்தமோ, மாற்றமோ அத்தான்?"

"மாற்றம்தான். சுத்து."

அன்றே கண்ணாடியில் ஒட்டியிருந்த கழகச் சின்னத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார். அக்காவை முன் சீற்றில், முதுகுக்குத் தலையணை வைத்து ஏற்றிக்கொண்டு போவதை வீதியில் பல தடவை கண்டேன். கார் ஓடியது. மருந்துதான் வரவில்லை. மாரிகாலம் முடியுமுன் அக்கா போய்விட்டா.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு அண்ணை செப்புக்குழாயைக் கழற்றிக் காரைப் பழையபடி ஆக்கினார். எனக்கு ஆள் அனுப்பினார்.

"ஒருக்காச் சோதிச்சுப் பாரும், செக்கிரட்டரியார். பிழை இருந்தால் சொல்லும்."

ஓட முடியாத காரைச் சோதித்து என்ன பயன் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. பொனற்றில் தொடங்கி ஒழுங்குமுறையாகப் பார்த்தேன். எல்லாம் கொம்பனியிலிருந்து வந்தபடியே இருந்தன. முன் சீற்றில் அக்காவின் தலையணை கிடந்தது. சாய்ந்த இடம் இன்னும் பதிந்திருந்தது. அண்ணை அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாற்றம் ஒண்டும் இல்லை, அண்ணை," என்றேன்.

அவர் கதவை மெல்லச் சாத்தினார்.

"குழாயைக் கழற்றாமல் விட்டிருக்கலாமே, அத்தான்," என்று அண்ணையின் செத்தவீட்டில் ராசன் சொல்லிச் சொல்லி அழுதார். கழகமும் இல்லை, பந்தயமும் இல்லை. அந்த விதியைக் காத்தவரும் இல்லை. அவர் முன்னால் நான் பார்த்தும் எழுதாமல் விட்ட கொம்பனியிலிருந்து வராத அந்தத் தலையணையின் நினைவு ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது.