இரண்டு கிலோ இருநூறு கிராம்

முட்டை தரம் பிரிக்கும் கூடத்தில் அவளைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. இயந்திரம் எடைவாரியாகப் பிரித்துத் தள்ளும் முட்டைகளை, நகரும் பட்டையின் கடைசியில் நின்று சரிபார்ப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே இடம். ஐம்பத்தெட்டு கிராம் முட்டை ஒன்று அறுபதுகளின் தட்டில் நைசாக வந்து உட்கார்ந்தால், தொட்டதும் அவள் கை பிடித்துவிடும். தேநீர் இடைவேளையில் உடன் வேலை பார்ப்பவர்கள் சாவிக்கொத்து, ஒற்றைச் செருப்பு, பாதி கடித்த ஆப்பிள் என்று எதையாவது கொண்டுவந்து நீட்டுவார்கள். எண்ணைச் சொல்லுவாள். சந்தேகப்பட்டு நிறுத்துப் பார்த்த மேற்பார்வையாளர் இரண்டு தடவை மூக்குடைபட்டு அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டார். அந்தக் கைமேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, சும்மா சொல்லக்கூடாது.

இப்படிப் பொழுதன்றைக்கும் முட்டையோடு கிடப்பவள், வீட்டு நாய்க்கு ஐந்து வருடமாகப் பாலில் ஊறிய ரொட்டியையே போட்டு வளர்த்தாள் என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

நாயின் பெயர் பொடி. சின்ன ஜாதி. முழுசாக வளர்ந்த பிறகும் ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடும். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர். இது நாயா, எலிக்கு அண்ணனா என்று வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். முட்டை, கறியெல்லாம் பெரிய நாய்களுக்குத்தான், இத்தனூண்டு உடம்புக்கு ரொட்டியே தாராளம் என்று எவரோ சொன்னதை இவள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். பொடியும் ஒன்றும் சொல்லவில்லை. கொடுத்ததைத் தின்று, கொடுத்தவளின் மடியில் தூங்கியது.

ஒரு நாள் அது பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் வந்தது. மறுநாளும் அப்படியே. கால்நடை மருத்துவர் காலைத் தடவிப் பார்த்து, முழங்கால் சில்லு இடம் விலகியிருக்கிறது, அறுவை செய்தால்தான் நேராகும் என்றார். பிறகு முதுகைத் தடவிவிட்டு, என்ன சாப்பிடுகிறது என்று கேட்டார். இவள் சொன்னாள். மருத்துவர் கோபித்திருந்தால்கூடத் தேவலை. கோபிக்கவில்லை.

"இதுக்கு வயிறு சின்னதும்மா. ஆனா உடம்பு வேகவேகமா எரிக்குது. போற ஒவ்வொரு வாயிலும் சத்து இருக்கணும். ரொட்டி வயித்தை ரொப்புச்சு, சதை வைக்கல."

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சிறுநீரகமும் ஈரலும் நன்றாக இருந்தன. அதனால் வேகவைத்த முட்டை, தோலும் எலும்பும் இல்லாத கோழிக்கறி, உப்பு கூடாது, நாளைக்கு நாலு வேளை என்று எழுதிக் கொடுத்தார். இப்போது இருப்பது ஒரு கிலோ எண்ணூற்றைம்பது. ஆறு வாரத்தில் இரண்டு கிலோ இருநூறு வந்தால் அறுவை செய்யலாம். வராவிட்டால் மயக்க மருந்து கொடுக்க அவருக்குத் துணிச்சல் இல்லை. கால் அப்படியே கோணி நின்றுவிடும்.

அன்றைக்கே இரண்டு முட்டையை அவித்து, ஐந்து வருடக் கடனை ஒரே வேளையில் தீர்ப்பதுபோல் முழுசாக ஊட்டினாள். பொடி முழுசாக வாந்தி எடுத்தது. அதற்குப் பிறகுதான் நாலு வேளை என்பதன் அர்த்தம் புரிந்தது. காலையும் மாலையும் இரவும் இவள் பொறுப்பு. மதியம், பக்கத்துக் கட்டடங்களில் வேலை பார்க்கும் நாட்களிலெல்லாம் கணவர் வந்துபோனார். எலிக்கு அண்ணனுக்கு நான் சமையல்காரனா என்று புலம்பிக்கொண்டே கறியை நூல் நூலாகப் பிய்த்து விரல் நுனியில் ஊட்டினார்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் அவள் பொடியை உள்ளங்கையில் ஏந்துவாள். கண்ணை மூடுவாள். எண்ணைக் காலண்டரில் எழுதுவாள். ஒன்று தொள்ளாயிரம். ஒன்று தொள்ளாயிரத்து எழுபது. மூன்றாவது வாரம் இரண்டு கிலோ நூறு என்று எழுதியபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வேகத்தில் போனால் குண்டாகிவிடுமே என்று மதியக் கறியைப் பாதியாகக் குறைக்கவும் சொல்லிவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் பொடியைக் காட்டப் போனபோது மருத்துவமனைத் தராசு ஒரு கிலோ தொள்ளாயிரத்து இருபது காட்டியது.

"உங்க தராசு சரியில்ல டாக்டர்" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. பொடிக்கென்று வேலையிடத்தில் வாங்கிவைத்திருந்த முட்டைகளில் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, கையில் வைத்து, ஐம்பத்தொன்பது என்று சொல்லித் தராசில் வைத்தாள். ஐம்பத்தொன்பது. இன்னொன்று எடுத்தாள். அறுபத்திரண்டு. அதுவும் சரியாகக் காட்டியது. மூன்றாவதை எடுக்கப் போன கை பாதியிலேயே நின்றுவிட்டது.

மருத்துவர் இரண்டு முட்டையையும் பத்திரமாக எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"கை சரியாத்தாம்மா இருக்கு. முட்டை மேல உங்களுக்குப் பாசம் இல்ல. அதான் வித்தியாசம்."

பஸ்ஸில் வரும்போது அவள் அழுதாள். ஊரெல்லாம் மெச்சிய கை வீட்டுப் பிள்ளையிடம் பொய் சொல்லியிருக்கிறதே, அதை நம்பி அதன் வாயிலிருந்த கறியைப் பிடுங்கினோமே என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. இறங்கியதும் நேராகக் கடைக்குப் போய் சமையலறைத் தராசு ஒன்று வாங்கினாள். தராசே தராசு வாங்கிவந்த அந்த நாளில் கணவர் எலிப் பேச்சை எடுக்கவில்லை. பாட்டரியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வேளைக் கறியும் நிறுத்துத்தான் தட்டுக்குப் போனது. மிச்சமிருந்த மூன்று வாரமும் அவள் பொடியைக் கையில் ஏந்தவில்லை. அது வந்து காலைச் சுரண்டினால் குனிந்து தடவிக் கொடுத்தாள்.

கடைசி நாள் மருத்துவமனை வாசலில் கணவர் பொடியை அவள் கையில் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்வதற்குள் எடை கைக்கு வந்துவிட்டது.

"என்னங்க, ரெண்டுகூடத் தேறாது. வீட்டுக்குப் போயிடலாம்."

"வந்தது வந்தாச்சு, ஒருதரம் வச்சுப் பாரு."

வைத்தாள். எண்கள் ஓடி நின்றன. இரண்டு கிலோ இருநூற்று முப்பது. அவள் நம்பாமல் தராசையே பார்த்தாள். மருத்துவர் சிரித்துக்கொண்டு, முட்டை ஏதாவது கொண்டு வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். கணவர்தான் பதில் சொன்னார்.

"அன்னிக்கு ஆசையில கூட்டிச் சொன்னா. இன்னிக்குப் பயத்துல குறைச்சுச் சொல்றா. விடுங்க டாக்டர், நாளைக் குறிங்க."

அறுவை நல்லபடியாக முடிந்தது. தையல் பிரித்து மூன்று வாரம் கழித்து ஒரு மாலை, முட்டை உரிக்கும் சத்தம் கேட்டுப் பொடி முன்னறையிலிருந்து சமையலறைக்கு வந்தது. நாலு காலும் தரையில் பாவ வந்தது. அவள் கையிலிருந்த முட்டையைப் போட்டுவிட்டு அதை வாரி எடுத்துக்கொண்டாள். வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தராசு, இப்ப எவ்வளவு?"

பழக்கதோஷத்தில் கை ஒருதரம் தாழ்ந்து உயர்ந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் சொல்லாத ஒரு பதிலை அன்றைக்குச் சொன்னாள்.

"தெரியலைங்க" என்றாள், கீழே இறக்கிவிடாமல்.