அண்ணன் கற்றுக்கொண்ட நிறங்கள்

எங்கள் அண்ணன் மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. "நினைவு மலர்ல நீங்கதான் எழுதணும் அத்தை" என்று அண்ணன் மகன் கேட்டுக்கொண்டான். அச்சகத்தில் மாதிரிக்கு நான்கு மலர்கள் கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் முதல் வரியிலேயே கண்ணீர் இருந்தது. எனக்கு இந்த ஓராண்டில் ஒரு சொட்டும் வரவில்லை. மறைத்து எழுதத் தெரியாததால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் கூரத்தில், அம்மாவின் பிறந்த வீட்டில் பிறந்தார். பட்டு நூலுக்குச் சாயம் போடுவதில் காஞ்சிபுரத்தில் பெயர் வாங்கியிருந்த எங்கள் அப்பாவழித் தாத்தா இறந்து அப்போது பதினோரு மாதம். தாத்தாவுக்கு இருந்ததைப் போலவே பிள்ளைக்கும் காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். அவ்வளவுதான், தாத்தாவே திரும்பி வந்துவிட்டார் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அவர் பெயரையே வைத்தார்கள். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பதால் அம்மா கடைசிவரை அண்ணனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அப்பாவோ, அரைஞாண் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு திரிந்த பிள்ளையை, "வாங்க, சாப்ட்டீங்களா?" என்பார். அதே வீட்டில் நான் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. அண்ணன் மேல் ஒரு விரல் பட்டதில்லை. எனக்கு அப்போது அதில் பொறாமைதான்.

பத்தாம் வகுப்பில் அண்ணன் தேறவில்லை. அதற்கும் அப்பா கோபப்படவில்லை. "அவருக்கு எதுக்குமா படிப்பு? போன ஜென்மத்துலயே எல்லாம் முடிச்சிட்டு வந்துகிறாரு" என்று அம்மாவிடம் சொன்னார். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த சாயப்பட்டறைக்கு அண்ணன் அப்படித்தான் போனார்.

அவருடைய கண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் கூட்டத்தில் யாரோ ஒரு பெண் கட்டியிருந்த சேலையின் கரையை ஒருமுறை பார்த்தால் போதும், இரண்டு நாள் கழித்து அதே நிறத்தில் நூலைச் சாயம் போட்டு எடுத்துவிடுவார். மாதிரி நூல் தேவையில்லை. மாகறலிலிருந்துகூடத் தேடி வருவார்கள். வந்தவர்கள் எல்லோரும் "விட்ட குறை தொட்ட குறை, வேற என்ன" என்பார்கள். அதைப் புகழ்ச்சி என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

ஆனால் அந்தக் கண் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். பொழுது விடிந்ததும் அண்ணன் கழிவு நூலைச் சாயத்தில் முக்கிக் காயவைப்பார். ஈரத்தில் தெரியும் நிறம் வேறு, காய்ந்தபின் தெரியும் நிறம் வேறு. வெயிலில் பிடித்துப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடியும் அடுப்பு மூட்டுவார். கெட்டுப்போனதை எல்லாம் வாழைக்கு அடியில் புதைப்பார். அப்பா வந்தால் இருமிக் காட்டுவது என் வேலை. "யார்கிட்டயும் சொல்லாதமா. தாத்தாவுக்கே தப்பு வருதுன்னா அப்பா பயந்துக்குவாரு" என்பார்.

பதினெட்டு வயதில் ஒரு முகூர்த்தச் சேலைக்கான நூலைக் கெடுத்துவிட்டார். அரக்கு நிறம் கேட்டிருந்தார்கள், கிட்டத்தட்டக் கறுப்பாகிவிட்டது. அப்பா திட்டவில்லை. புது வேட்டி வாங்கித் தாத்தா படத்தின் முன்னால் வைத்து, வடை பாயசத்தோடு படையல் போட்டார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பிக் கைகூப்பி, "எங்க மேல எதுனா கோவமா?" என்று கேட்டார். அண்ணன் படையல் வடையைத் தின்றுகொண்டே அழுதார். "ஒருவாட்டி திட்டியிருக்கலாம்மா. அந்தத் தப்பாவது என்னுதா இருந்திருக்கும்" என்று என்னிடம் பின்னால் சொன்னார்.

திருப்புட்குழியிலிருந்து அண்ணி வந்தார். ஒரே மகன். கொதிக்கும் தொட்டியின் ஆவியில் அண்ணனின் உள்ளங்கைத் தோல் உரியாத வருஷம் இல்லை. அப்பா படுக்கையில் விழுந்த இரண்டு வருஷமும் அந்தக் கைகளாலேயே அவரைக் குளிப்பாட்டினார். அப்போதும் அப்பா, "உங்களுக்கு ஏன் சிரமம்" என்று கூச்சப்பட்டார். யாரிடமும் அண்ணன் அதிர்ந்து பேசியதில்லை.

சென்ற ஆண்டு வயிற்றில் கட்டி என்றார்கள். மருத்துவமனையில் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு மத்தியானம் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். "ஏம்மா, அந்தக் கலரெல்லாம் நானா கத்துக்கினதா, தாத்தா குடுத்ததா? நீதான் கூட இருந்து பாத்த. சொல்லு" என்றார்.

சாகக் கிடப்பவருக்கு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "எல்லாம் போன ஜென்மத்துப் புண்ணியம்ணா. அடுத்த ஜென்மத்துக்கும் கூடவே வரும்" என்றேன். அண்ணன் "சரிம்மா" என்றார். அதற்குமேல் கஞ்சி வேண்டாம் என்றுவிட்டார். ஐந்தாம் நாள் காலமானார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாயப்பொடிக் கடை பாய் வந்திருந்தார். அண்ணனும் அவரும் ஒரே வயது. அந்தக் காலத்தில் கடையில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய அப்பா. "உங்க அண்ணன் மாதிரி பொடி வீணாக்குனவங்க யாரும் இல்லமா. ஒரு மயில்கழுத்துக் கலருக்கு மூணு மாசம் வந்துக்கினு இருந்தாரு. எங்க அத்தா கண்டபடி திட்டுவாரு. அந்தத் திட்டு வாங்கறதுக்குன்னே வந்து உக்காருவாரு" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

நான்காம் மாதம் அண்ணனுக்குப் பேரன் பிறந்தான். மணிக்கட்டில் மச்சம் இருக்கிறதாம், அண்ணனுக்கும் அங்கே இருந்ததாம். "அவர்தான் வந்துட்டாரே, இன்னும் என்னமா துக்கம்?" என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். இப்போது எட்டு மாதக் குழந்தையை அண்ணி "வாங்க" என்கிறார். அண்ணிக்கு அது ஆறுதல், நான் குறை சொல்லமாட்டேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நானும் தேடிப் பார்த்தேன். அவன் யாரோ ஒரு புதுப் பிள்ளை, பால்வாசனை அடித்தது. மறுபிறவி உண்டா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. பெரியவர்கள் சும்மா சொல்லியிருக்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்தது அந்த வாழையடியில் புதைத்த நூல் மட்டும்தான்.

நோயில் கிடந்தபோது வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவர், ஊசி போட வந்த செவிலியர், முறைவைத்துக் கண்விழித்த பட்டறைத் தொழிலாளர்கள், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டார், பாய், தோள் கொடுத்த பங்காளிகள், சம்பந்திகள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. நினைவு நாளில் குழந்தை சபைக்கு வருவான். தூக்குங்கள், கொஞ்சுங்கள். அண்ணன் வந்துவிட்டார் என்று மட்டும் சொல்லாதீர்கள். அண்ணன் வரவில்லை. அண்ணன் இறந்துவிட்டார். இந்தச் சொல்லை எழுத எனக்கு ஓராண்டு ஆகியிருக்கிறது.

அண்ணா, அன்றைக்கு நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். அத்தனையும் நீங்களாகக் கற்றுக்கொண்டதுதான். நான் கூடவே இருந்து பார்த்தேன்.

தங்கை