நாலாவதாக நிற்க ஓர் ஆள்

ஏழு கண்மாய் தாண்டி, ஏழு பொட்டல் தாண்டி, காரைக்குடி காரைக்குடி என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் சத்தமாகப் பேசத் தெரியாத ஒரு போட்டோக்காரன் இருந்தான். எங்கள் தாத்தா கதையை இப்படித்தான் எடுப்பார், எனக்கும் வேறு மாதிரி எடுக்க வராது. அந்தப் போட்டோக்காரன் நான்தான்.

கேமரா பையைத் தோளில் மாட்டிப் பிழைக்கும் சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா? மலை நின்ற இடத்தில் நிற்கும், கோட்டையும் நிற்கும்; மனுசரை நிற்க வைப்பதுதான் நம் தொழில்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சுற்றுலா வேன் ஒன்றில் கூடவே போகும் போட்டோக்காரனாக இருந்தேன். காலையில் கிளம்பினால் திருமயம், சித்தன்னவாசல், நார்த்தாமலை பார்த்துவிட்டுப் பொழுது சாயத் திரும்பலாம். எல்லாம் மொட்டைப் பாறைகள். வெயில் கீழிருந்தும் அடிக்கும். அந்தப் பாறைகளை இப்போது நினைத்தாலும், தேவகோட்டையிலிருந்து வந்த மூன்று அக்கா தங்கைகள்தான் முதலில் கண்ணுக்குள் வந்து நிற்கிறார்கள்.

டிரைவருக்கு வந்த வாழ்வு

மூத்தவர் ஆரோக்கியம், ஓய்வுபெற்ற டீச்சர். நடுவுள்ளவர் லூர்து, தபால் ஆபீஸில் இருந்தவர். இளையவர் சகாயம். அடுத்த வாரம் சகாயம் கனடாவில் இருக்கும் மகனோடு போய் இருக்கப் போகிறார். திரும்பி வருவது எப்போதென்று அவருக்கே தெரியாது. அக்கா தங்கை மூன்று பேர் மட்டும் சேர்ந்து நிற்கிற ஒரு படம் வேண்டும் என்றுதான் அவர் வேன் பிடித்திருந்தார். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு படம் அவர்களிடம் கிடையாது.

திருமயம் கோட்டை உச்சியில், பீரங்கிக்குப் பக்கத்தில் மூவரையும் நிற்க வைத்தேன். கேமராவைக் கண்ணில் வைத்ததும் டீச்சர் கையைத் தூக்கினார். "மூணு பேரா நின்னு எடுக்கக் கூடாது தம்பி. டிரைவரை இங்குட்டு வரச் சொல்லுங்க." டிரைவர் முத்தையா அண்ணன் மூச்சு வாங்க ஏறி வந்தார். முகத்தைத் துடைத்து, காலர் பட்டனைப் போட்டு, வீட்டுப் பெரிய மகன் போல நடுவில் போய் நின்றார்.

லூர்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்க்கா, பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு தெனமும் மூணு பேரைத்தானே கும்பிடுறே?"

டீச்சர் பீரங்கியைப் பார்த்தபடியே சொன்னார்: "அவுக போட்டோவுக்கு நிக்கலைடி."

அடுத்த வீட்டு மாப்பிள்ளை

சித்தன்னவாசலில் முத்தையா அண்ணன் உஷாராகிவிட்டார். வேனுக்குள் சீட்டைச் சாய்த்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டார். சமணர் படுக்கைக்குப் போகும் பாறைப் படியில், இரும்புக் கம்பியைப் பிடித்துப் பிடித்து நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது, அங்கே புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி இருந்தது.

டீச்சர் மாப்பிள்ளையைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "தம்பி, செத்த எங்க கூட வந்து நில்லுங்க." அவரும் வந்து நின்றார். நல்ல உயரம், நல்ல பல்வரிசை. அந்தப் படத்தில் சிரித்த முகம் அவருடையது ஒன்றுதான். சகாயம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செருப்பைக் கையில் பிடித்தபடி பாறையில் உட்கார்ந்திருந்த புதுப்பெண் என்னிடம் சொன்னது: "பத்து நாளா எங்கூட நின்னு ஒரு போட்டோவுல சிரிக்கலைண்ணே இவரு. யாரு வீட்டு அத்தைகளோ, இம்புட்டுச் சிரிப்பு."

எலுமிச்சம்பழச் சோறு

மத்தியானம் வேன் நிழலில் பொட்டலத்தைப் பிரித்தார்கள். டீச்சர் கை கழுவ எழுந்து போன நேரம் பார்த்து, சகாயம்மா என் பக்கம் சாய்ந்தார். "அக்காவுக்குத் தெரியாம ஒண்ணு எடுத்துருங்க தம்பி. நான் அங்குட்டுப் போயி வச்சுப் பாத்துக்கிறேன்."

சோற்றுப் பொட்டலத்தைக் கீழே வைத்தேன். பேய்க்கதையைக் காதைப் பொத்திக்கொண்டு கேட்டு வளர்ந்தவன் நான். இன்னொருவர் பயத்தைச் சிரித்துத் தள்ள எனக்கு வராது. அப்படி என்னதான் பயம் என்று லூர்தம்மாவைக் கேட்டேன். அதுவரை கேலியே பேசிக்கொண்டிருந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்கய்யாவும் அவுக கூடப்பொறந்தவுக ரெண்டு பேரும் ஸ்டுடியோவுல மூணு பேரா நின்னு எடுத்தாக. வருசம் திரும்பலை, எங்கய்யா போயிட்டாக. ஸ்டுடியோவுக்குப் போவோம்னு அன்னிக்கு அடம்பிடிச்சது அக்காதான். அப்ப அதுக்கு எட்டு வயசு தம்பி."

நார்த்தாமலைச் சரிவு

நார்த்தாமலைக்குப் போகையில் வெயில் மஞ்சளாகியிருந்தது. மேலே கோயில் வாசலில், யாரோ ஒரு காலேஜ் பையனை நாலாவதாக நிறுத்தி எடுத்தாயிற்று. நான் முன்னால் இறங்கி, பெரிய லென்ஸை மாட்டிக்கொண்டு மலையை எடுக்கலாம் என்று திரும்பினேன்.

வழுக்கும் என்ற பயத்தில் மூவரும் கைகோத்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சுற்றி யாருமில்லை. பாறை, வானம், அவர்கள். லூர்தம்மா ஏதோ சொல்ல, சகாயம்மா வாய்விட்டுச் சிரிக்க, நடுவில் டீச்சர் இருவரையும் அதட்டிக்கொண்டிருந்தார். விரல் தானாக அழுத்திவிட்டது.

அப்புறம்தான் யோசித்தேன். பேசாமல் சகாயம்மாவிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் என்றைக்காவது டீச்சருக்குத் தெரியவந்தால், கனடாவில் தங்கைக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட அந்தப் பழியை அவர்தானே தூக்கிச் சுமப்பார்? இறங்கி வந்ததும் சொன்னேன்: "டீச்சர், கேட்காம ஒண்ணு எடுத்துட்டேன். வேண்டாம்னா இப்பவே அழிச்சிடுறேன்." என் குரலுக்கு அதை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. சகாயம்மா பாறையில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை.

டீச்சர் கண்ணாடியைப் போட்டு, வெளிச்சம் படாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வகுப்பில் பிள்ளைகளை எண்ணுகிற மாதிரி ஆள்காட்டி விரல் திரைமேல் நகர்ந்தது. மூன்றில் நின்றது. மறுபடி நகர்ந்தது. சாய்ந்த வெயிலில் ஒவ்வொருவர் பக்கத்திலும் பாறைமேல் ஒரு நிழல், ஆளைவிட நீளமாக விழுந்திருந்தது.

"நெழலோட சேத்தா ஆறு பேரு நிக்கிறோம். அழிக்காதீக தம்பி, அவ கொண்டுக்கிட்டுப் போகட்டும்."

லூர்தம்மா வாயைத் திறந்தார். சகாயம்மா அவர் கையைப் பிடித்து அழுத்தினார். டீச்சர் முதலில் வேனுக்கு நடந்தார், பின்னாலேயே லூர்தம்மா. சகாயம்மா கேமராவை வாங்கி இன்னொரு தரம் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், செருப்பை மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தார்.

அன்றிலிருந்து மூன்று பேராக யார் வந்தாலும் வெயில் சாயும்வரை காக்க வைத்துவிடுகிறேன். கேட்டால், அப்போதுதான் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று தொழில் தெரிந்தவன் போலச் சொல்லிக்கொள்கிறேன்.