தங்கையிடம் மறைத்த சேதி

என் தங்கை ராணி, மத்தியதரைக் கடலில் ஒரு குட்டித் தீவில், பணக்காரர்கள் வந்து தங்கும் மாளிகையில் வேலை செய்கிறாள். சென்ற வருடம் ஒரு குடும்பம் அந்த மாளிகை முழுவதையும் பத்து நாளுக்கு எடுத்திருந்தது. படகு, பூ, சாப்பாடு எல்லா ஏற்பாடும் ராணியின் பொறுப்பு.

அதே நேரம் இங்கே இலங்கையில், எங்கள் அப்பா பதுளை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வீட்டு நோயைச் சொல்வதில்லை. "தூரத்துல இருக்கிற புள்ள, தாங்காது" என்பார்கள்.

நான் அப்பாவின் கட்டிலருகே இருந்தபோது ராணி போனில், "அக்கா, அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டாள்.

"அவருக்கென்ன, ராசாவாட்டம் இருக்காரு" என்றேன்.

போனை வைத்ததும் அப்பா சிரித்தார். "ஊரான் குடும்பத்துக்கு மெத்தை விரிக்கிறவளுக்கு என்னையப் பாக்க ஏது நேரம்?" என்றார். மறுநாளிலிருந்து, "ராணி எப்ப வருவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான்காம் நாள் போய்விட்டார்.

செய்தி கேட்டு ராணி கதறினாள். "நான் போன் பண்ணின அன்னைக்கு மாளிகை மொதலாளியம்மா, 'வேணும்னா ஊருக்குப் போயிட்டு வா, வேற ஆளு வச்சுக்கிறேன்'னு சொன்னாங்கக்கா. அதுக்காகத்தான் ஒங்கிட்ட கேட்டேன்."

இப்போது அம்மாவுக்குச் சின்னக் காய்ச்சல் என்றாலும் அன்றைக்கே ராணிக்குச் சொல்லிவிடுகிறேன். அவளோ, "நெசமா காய்ச்சல் மட்டுந்தானாக்கா?" என்று மூன்று தரம் கேட்கிறாள்.