செல்வி வீட்டு பெஞ்சு

மருமக்களே, சத்தியம் செய்து ஆரம்பிக்கிறேன்: இந்தக் கதையை ஒருவரும் நம்ப மாட்டீர்கள்.

இன்று எங்கள் ஆற்றோர மெதடிஸ்ட் சர்ச்சில் கடைசி ஆராதனை. லட்சம் பேர் திரண்டோம். நாங்கள் பாடிய பாட்டில் அடையாறு மிரண்டு கோடம்பாக்கம் பக்கம் ஓடிவிட்டது.

போதகர், கடைசி பெஞ்சிலிருந்த எஸ்தர் அக்காவிடம், "முன்னாடி பெஞ்சுல வந்து உக்காருங்கம்மா" என்றார்.

"அது செல்வி வூட்டு பெஞ்சு ஐயரே. அவுங்க வந்தா எங்க குந்துவாங்கோ?"

செல்வியின் தாத்தா செங்கல் சுமந்து கட்டிய சர்ச் அது. குடிசைகளை இடித்து, செல்வி வீட்டாரோடு சபையில் முக்கால்வாசிப் பேரை ஊருக்கு வெளியே குடியேற்றிய பிறகு, அவர்களால் வந்துபோக முடியவில்லை.

"கடைசி நாளுக்குக் கூடவா வராம பூடுவாங்க?" என்றார் அக்கா. கதவைப் பூட்டும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புளுகன் என்று கமெண்டில் தாராளமாகத் திட்டுங்கள். வந்தது நாலே பேர். ஆறும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. முன்பெஞ்சு கடைசிவரை காலியாக இருந்தது மட்டும் நிஜம்.