ஒயர் இல்லாத பெட்டி

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் பாட்டு எப்படிக் கேட்கிறது என்று பார்ப்பார்கள். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், வாரண்டி உண்டா என்று விசாரிப்பார்கள். நான் ஒரே ஒரு ஆளை மனதில் வைத்துக்கொண்டு வாங்கப் போனேன். அந்த ஆளின் முகம் நாலு பேர் பார்க்கத் தொங்கிப் போக வேண்டும். எந்தப் பெட்டியை வாங்கினால் அது நடக்கும் என்பதுதான் என் கவலை. கையில் இருந்தது கம்பெனி போனஸில் மிச்சம் பிடித்த கொஞ்சப் பணம்.

அந்த ஆள் எங்கள் ஊரில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். மானாம்பதியைச் சுற்றி நாலைந்து ஊர்களுக்கு அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. காது குத்தலோ மஞ்சள் நீராட்டோ சாவோ, எதுவானாலும் அவர் பெட்டிதான் வந்து இறங்கும். அவர் வீடு ஊர்த்தெருவில் இருக்கிறது. எங்கள் வீடுகள் ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம், காலனியில். ஊர்த்தெரு விசேஷத்துக்குப் புதுப் பெட்டி போகும். எங்களுக்கு வருவது கரகரவென்று இரைகிற பழைய பெட்டி. வாடகையில் மட்டும் இரண்டு தெருவுக்கும் வித்தியாசம் பார்க்க மாட்டார். இதையெல்லாம் யாரும் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை. என் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மட்டும் அப்படி நடக்காமல் இருந்திருந்தால் நானும் பேசியிருக்க மாட்டேன்.

என் அம்மா நடவு வேலைக்குப் போகிறவள். ஏசல் பாடுவதில் அவளை அடித்துக்கொள்ள எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. நலங்கு வைக்கும்போது ஒரு வீட்டுப் பெண்கள் சம்பந்தி வீட்டாரைக் கேலி செய்து பாடுவதுதான் ஏசல். மனப்பாடம் பண்ணி வந்து ஒப்பிப்பது இல்லை அது. எதிரில் நிற்கிற ஆளைப் பார்த்த நிமிஷத்தில் அடி கட்ட வேண்டும். மாமனின் சாயம் போட்ட மீசை, சம்பந்தியம்மாளின் இரவல் நகை, எதுவும் அம்மாவிடமிருந்து தப்பாது. பாட்டு வாங்கினவர்தான் முதலில் சிரிக்க வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. அது வழக்கம்.

என் நலங்கன்று முகமெல்லாம் மஞ்சளோடு நான் மணையில் உட்கார்ந்திருந்தேன். அத்தை மகனைத்தான் கட்டிக்கொண்டேன் என்பதால் அம்மாவுக்கு எல்லார் குறையும் அத்துப்படி. பெண்கள் எல்லாம் சேர்ந்து மைக்கை அவள் கையில் திணித்தார்கள். அவள் மைக்கில் பாடியது அதுதான் முதல் தடவை. தன் குரல் பந்தலைத் தாண்டி ஏரி வரைக்கும் போவதைக் கேட்டு அவளே ஒரு கணம் திகைத்துப்போய், பிறகு உற்சாகம் பிறந்து, இரண்டாவது அடியை எடுத்தாள். அப்போது மைக் செட்காரர் எழுந்து வந்தார்.

"ஏய், இன்னா இது, நட்வு வயல்னு நென்ச்சிக்கினியா? எச்சி தெறிக்கக் கத்திக்கினு கீற. நாளிக்கி இந்த மைக்க எவன் வாய்கிட்ட வெப்பான்?"

சொல்லிக்கொண்டே பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ஒயரைப் பிடுங்கினார். அம்மாவின் வாய் மட்டும் இன்னும் கொஞ்சம் அசைந்தது. அவர் மைக்கைப் பிடுங்கி, தோள் துண்டை எடுத்துத் துடைத்தார். துடைத்த துண்டைத் திரும்பத் தோளில் போடவில்லை. மடிக்கக்கூடச் செய்யாமல் கீழே போட்டார். அப்புறம் ஒயரைச் சொருகி ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் முகூர்த்தத்துக்கு அவர் செட்டுதான் வேண்டும். மாமன்கள் தரையைப் பார்த்தார்கள். மணையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கக் கூடாது என்று என் தோளை இரண்டு பேர் அழுத்திப் பிடித்திருந்தார்கள். இன்றைக்கும் என் கல்யாணம் என்றால் தாலி ஞாபகத்துக்கு வருவதில்லை, கீழே கிடந்த அந்தத் துண்டுதான் வருகிறது.

அதற்கப்புறம் அம்மா எந்த நலங்கிலும் பாடவில்லை. யாராவது "ஒரு பாட்டு எட்த்து வுடு" என்று கேட்டால் போதும், இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொள்வாள். வாயில் வெற்றிலை இருப்பவளை யாரும் வற்புறுத்த முடியாது. வெற்றிலைக்கு அப்படி ஒரு உபயோகம் உண்டு என்பதை அவளிடம்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் கொல்லைப்புறத்தில் கீரை ஆயும்போது தனக்குள் முனகுவாள். ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் அதைப் போனில் பதிந்து வைத்தேன். அதைக் கேட்கும்போதெல்லாம் அந்த ஆளின் மேல் கறுவிக்கொண்டே இருந்தேன். சாமி கும்பிடுகிற நேரத்தில்கூட அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று என்னால் வேண்டிக்கொள்ள முடிந்ததில்லை.

தம்பிக்குப் பழையசீவரத்தில் பெண் நிச்சயமானதும் நான் முடிவு பண்ணிவிட்டேன். இந்த நலங்குக்கு அந்த ஆளின் செட் எங்கள் வாசலுக்கு வரக் கூடாது. எங்கள் பெட்டியில், எங்கள் மைக்கில், அம்மா பாட வேண்டும். அந்தச் சத்தம் ஏரியைத் தாண்டி அவர் வீட்டுக்குள் போய் விழ வேண்டும். கணவரிடம் சொன்னேன். "உனுக்கு இன்னா பைத்தியம் கியித்தியம் புட்ச்சிருக்கா? அவனே மறந்துட்டிருப்பான்" என்றார். அவர் மறந்திருந்தால் ஞாபகப்படுத்த வேண்டியது என் கடமை என்றேன்.

முதலில் ஏமாந்தேன். தம்பி படிக்கிற காலத்தில் வாங்கின கம்ப்யூட்டர் அம்மா வீட்டில் இருந்தது. அதற்கு மேஜை ஸ்பீக்கர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. நடுவில் ஒரு பெரிய பெட்டி, இரண்டு பக்கமும் இரண்டு குட்டிப் பெட்டிகள். அட்டையில் வாட்ஸ் என்று போட்டிருந்த எண்ணைப் பார்த்தால் காஞ்சிபுரம் வரைக்கும் கேட்கும் போல் இருந்தது. மேஜையில் வைத்துப் போட்டபோது அறை அதிர்ந்தது. வாசலில் எடுத்து வைத்தேன். தெருக்குழாய்க்குப் போவதற்குள் சத்தம் செத்துவிட்டது. நாலு சுவருக்குள் உறுமுகிறதெல்லாம் வெட்டவெளியில் பூனைக்குட்டி என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அறையில் உட்கார்ந்து ஒரு ஆள் பாட்டுக் கேட்க அது நல்ல பெட்டிதான், குறை சொல்ல மாட்டேன். எனக்குத்தான் ஊரைக் கூட்ட வேண்டியிருந்தது.

அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்தாள். பின்பக்கம் தொங்கிய ஒயர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டாள்.

"இதுலயும் ஒயர் கீதே" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அவள் எதையும் மறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கம்பெனியில் நாள் முழுக்கக் கார்களுக்கு ஒயர் கட்டுகிறவள் நான். எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஜை ஸ்பீக்கரைத் திரும்ப அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு உத்திரமேரூர் பஜாருக்கு, அதை வாங்கின பாய் கடைக்கே போனேன். பாய் நல்ல மனிதர், பொறுமைதான் கொஞ்சம் குறைவு. நான் போனதும் கலர் லைட் எரிகிற ஒரு பெட்டியை எடுத்து வைத்து, தரை குலுங்குகிற மாதிரி ஒரு பாட்டைப் போட்டார். என் காலுக்கடியில் கடகடவென்றது.

"பாட்டு வாணாம் பாய். இதப் போடுங்க" என்று என் போனை நீட்டினேன்.

அம்மாவின் முனகல் அந்தப் பெட்டியில் குடத்துக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது. ஒரு வார்த்தை பிடிபடவில்லை. பாஸ் என்கிற அடிச்சத்தம் அதிகமான பெட்டி மேளத்தைத் தூக்கும், குரலை அமுக்கிவிடும். அடுத்து உள்ளங்கையில் அடங்குகிற ஒரு குட்டி ஸ்பீக்கர். வார்த்தை கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது, ஆனால் கடை வாசலைத் தாண்டவில்லை. அந்த விலைக்கு அது சமையல்கட்டில் வைத்துக் கேட்கத்தான் ஆகும். மூன்றாவது, கைப்பிடி வைத்த நடுத்தரமான கறுப்புப் பெட்டி. லைட்டும் இல்லை, பார்க்க அழகும் இல்லை. அதில் அம்மா கீரைக் காம்பு கிள்ளுகிற சத்தம்கூடக் கேட்டது.

"ரோட்டுக்கு எட்த்தாங்க பாய்" என்றேன்.

"ரோட்டுக்கா? ஏம்மா பேஜார் பண்ற?"

"கடைக்குள்ள எல்லாம்தான் கத்தும். வெளில கத்துதா பாக்கணும்."

முணுமுணுத்துக்கொண்டே தூக்கி வந்து படியில் வைத்தார். நான் பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்தேன். ஹாரனும் ஆட்டோ இரைச்சலுமாக இருந்தது. பூக்கடை தாண்டிய பிறகும் அம்மாவின் குரல் பின்னாலேயே வந்தது. திரும்பி வந்து பெட்டியைக் குப்புறக் கவிழ்த்துப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன்.

"பாய், இதுல புடுங்குறதுக்கு எதுனா கீதா?"

பாய் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லாரும் எதுல எதச் சொருவலாம்னு கேப்பாங்க. நீதாம்மா எதப் புடுங்கலாம்னு கேக்குற."

"ஒரு ஆளு வருவான் பாய், புடுங்கறதுக்குன்னே."

பாய் பெட்டியோடு வந்த மைக்கை எடுத்து என் கையில் கொடுத்தார். அதற்கு வால் இல்லை. "சார்ஜ் ஏத்திக்கோ, ஒயரக் கயட்டி வூட்லயே வெச்சிடு. மைக்கு இங்க, பெட்டி அங்க, நடுவுல காத்து மட்டும்தான். காத்த எவன் புடுங்குவான்?"

விலை என் கைக்கு மீறித்தான் இருந்தது. மேஜை ஸ்பீக்கரை அவர் தலையில் கட்டி, மீதிக்குப் பேரம் பேசி, அவர் போதும் போ என்கிற வரைக்கும் நின்றேன். பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா இந்தப் பெட்டியையும் சுற்றி வந்தாள். பின்பக்கம் உள்ளங்கையால் தடவினாள். ரப்பர் மூடியை நிமிண்டி, "இங்க இன்னா?" என்றாள். சார்ஜ் ஓட்டை என்றேன். மைக்கை வாங்கி உதட்டருகில் வைத்துப் பார்த்தாள், சட்டென்று முந்தானையால் துடைத்தாள். துடைத்த கை அப்படியே நின்றது.

"எச்சி பட்டா பட்டுக்கினு போவுது. நம்புள்துதான" என்றாள்.

நலங்கன்று பழையசீவரத்து ஜனங்கள் வேனில் வந்து இறங்கினார்கள். பெட்டியை நாற்காலி மேல் ஏற்றி, அதன் முகத்தை ஏரிக்கரைப் பக்கம் திருப்பி வைத்தேன். காற்றும் அந்தப் பக்கம்தான் அடித்தது. தம்பிக்கு மஞ்சள் பூசியாயிற்று. பெண்கள் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மாவின் வாய் நிறைய வெற்றிலை. இவ்வளவு பாடுபட்டதும் வீண்தானா என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் எழுந்து வாசல் ஓரத்துக்குப் போனாள், வெற்றிலையைத் துப்பினாள், சொம்புத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தாள். திரும்பி வந்து மைக்குக்காகக் கையை நீட்டினாள்.

சம்பந்தி வீட்டில் ஒருத்தரையும் விடவில்லை. பெண்ணின் சித்தப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஓடி ஒளிகிற அளவுக்குப் பாடினாள். பந்தலே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் பைக் சத்தம் கேட்டது. மைக் செட்காரர் வந்து நின்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை. அம்மாவின் பாட்டு அவர் வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

"இன்னா, புதுப் பொட்டியா? ஓவரா எரையுதே. எங்க, நா செட் பண்ணித் தரேன்" என்று உரிமையோடு உள்ளே வந்தார். அம்மா பாதி அடியில் நின்றாள். அவர் பெட்டியின் பக்கத்தில் போய்ப் பழைய பழக்கத்தில் பின்னால் கையை விட்டார். கை மேலே தடவியது, கீழே தடவியது, நாற்காலிக்கு அடியிலும் போய் வந்தது. அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"பொட்டிக்குப் பின்னால இன்னாத்தத் தேட்ற — நீ
பூட்டாத வூட்டுக்குச் சாவியத் தேட்ற!
கொட்டாயில் எல்லாரும் பாக்குறாங்கோ — உன்
கையத்தான் பாத்துச் சிரிக்குறாங்கோ!"

குலவையும் சிரிப்புமாகப் பந்தல் பிய்ந்துகொண்டு போயிற்று. யாரைப் பாடுகிறார்கள் என்று தெரியாத பழையசீவரத்துக் கிழவிகள்கூடக் கையைத் தட்டினார்கள். ஏசல் வாங்கினவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் சிரிக்கப் பார்த்தார், வாய் கோணிக்கொண்டதுதான் மிச்சம். பெட்டிக்குப் பின்னால் போன கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அம்மா அவர் முன்னால் போய் நின்று மைக்கை நீட்டினாள். அது அப்போதும் உயிரோடுதான் இருந்தது, அவள் பேசியது ஏரி வரைக்கும் கேட்டது.

"நீயும் ஒரு பாட்டு பாட்றியா? எச்சி பட்டா பரவால்ல. நாங்க தொடச்சிக்கினு வெச்சிக்குவோம்."

அவர் மைக்கை வாங்கவில்லை. பைக்கை மிதித்தார், இரண்டு தடவை அது கிளம்பவில்லை, மூன்றாவது மிதியில் கிளம்பியது. அம்மா அடுத்த பாட்டை எடுத்தாள். நான் பெட்டிக்கிட்டே போய், அவர் பைக் ஏரிக்கரை ஏறி ஊர்த்தெருப் பக்கம் திரும்புகிற வரைக்கும் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தேன்.